சமத்து

2041 ஜூன் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரு ஜீவனுக்குக்கூட வைரஸ் வரவில்லை. போனில் வரும் வைரஸைச் சொல்கிறேன். மூக்கில் வருவது வழக்கம்போல் வந்துகொண்டுதான் இருந்தது. ஊருக்கெல்லாம் இது நல்ல செய்தி. பெருங்குடியில் 'வேலி' கம்பெனியின் நாலாவது மாடியில் மட்டும் இழவு விழுந்த களை.

வேலி, வைரஸ் விரட்டும் மென்பொருள் விற்றுச் சோறு தின்னும் கம்பெனி. திருடனே இல்லாத ஊரில் பூட்டுக்கடை வைத்தவன் நிலைமைக்கு அது வந்திருந்தது.

"வாரத்துக்கு எட்டாயிரம் புகார் வந்த இடம்யா இது" என்றார் முதலாளி டேனியல் துரை. "இந்த வாரம் ஏழு. அந்த ஏழுல அஞ்சு பேர் நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கான். நன்றி! நமக்கு எவன்யா நன்றி சொல்லுவான்?"

எதிரே உட்கார்ந்திருந்த வைத்தியலிங்கம் கொட்டாவியை விழுங்கினான். நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷமாக வைரஸ் பிடிக்கிற வேலை. தாத்தா பெயரை வைத்தார்கள், தொழில் பெயருக்கேற்ப அமைந்துவிட்டது. கெட்டிக்காரன்தான், வாய்தான் கிடையாது. கேள்வி கேட்டால் 'ம்' என்பான். மிகவும் சந்தோஷமாக இருந்தால் இரண்டு தடவை 'ம்' என்பான்.

"உங்க வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் டேனியல் துரை, வேறு பேச்சு இல்லாமல்.

"ம். கோதை மதுரைக்குப் போயிருக்கா. தங்கச்சி கண்ணி வீட்டுக்கு. பதினோரு நாள் ஆச்சு. வந்துடுவா."

பூங்கோதை அவன் மனைவி. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பதினான்கு வருஷக் கல்யாணம், பிள்ளை குட்டி இல்லை, பெரிதாகச் சண்டையும் இல்லை. சண்டை போட இரண்டு பேர் பேச வேண்டுமே.

அன்று மத்தியானம் ரெஹானா ஒரு பலாப்பழத் துண்டோடு அவன் மேஜைக்கு வந்தாள். அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவள். ஆனால் அப்படி யாரும் அவளிடம் சொல்லத் துணிந்ததில்லை.

"சார், இதை எங்க வீட்டு ஓனர் குடுத்தாரு."

"நல்லது. சாப்பிடு."

"நல்லது இல்ல சார். மூணு நாளா மோட்டார் ஓடல. 'யோவ், நீயெல்லாம் மனுஷனா, தண்ணி விடாம வாடகை மட்டும் வாங்குறியே'ன்னு காலைல மெசேஜ் போட்டேன். அந்த ஆளு ஒரு மணி நேரத்துல மோட்டாரையும் போட்டுட்டு, பலாப்பழமும் கொண்டாந்து, 'உன்ன மாதிரி தன்மையான பொண்ண பார்த்ததில்லம்மா'ங்கிறாரு. என்னைப் போய் தன்மையான பொண்ணுன்னு சொல்றாரு சார்!"

வைத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தான். உலகத்தில் ஏதோ கோளாறு என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்று நாள் நோண்டினார்கள். வைரஸ் இருந்தது, இல்லாத போன்தான் இல்லை. தமிழ்நாட்டில் மாதிரிக்கு எடுத்த எல்லாப் போனிலும் அது குந்தியிருந்தது. பணத்தைத் தொடவில்லை, படத்தைத் திருடவில்லை. போகும் மெசேஜையும் வரும் மெசேஜையும் கொஞ்சம் கழுவி விட்டது, அவ்வளவுதான். அனுப்பியவர் திரையில் அவர் எழுதியது அப்படியே இருக்கும். பெறுபவர் திரையில் வேறொன்று இருக்கும்.

"யார் எழுதின வேலை இது?" என்றான் வைத்தி.

"யாரும் எழுதல சார். தானா வளர்ந்தது" என்றாள் ரெஹானா. "பழைய வைரஸ் எல்லாம் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வர்ற திருடன் மாதிரி. சத்தம் கேட்டு நாம வந்து அடிச்சுடுவோம். அப்புறம் தன்னைத்தானே மாத்தி மாத்திப் பரவுற வகை வந்துச்சில்ல? அதுல எது பொழைக்கும்? நம்ம கண்ணுல படாதது. நாம போனை எப்ப சோதிப்போம்?"

"ஏதாவது தப்பாத் தெரிஞ்சா."

"கோவம் வந்தா, சந்தேகம் வந்தா, அவன் ஏன் இப்படி அனுப்புனான்னு மண்டை காஞ்சா. நிம்மதியா இருக்கிறவன் போனைச் சோதிக்கவே மாட்டான். அதனால நம்மள நிம்மதியா வெச்சிருந்த வைரஸ் பொழைச்சுது. மத்ததெல்லாம் செத்துச்சு. போட்டிக்கு வர்ற மத்த வைரஸையும் இதுவே தின்னுடுது. ரெண்டு வருஷமா நம்ம எல்லாரையும் தட்டிக் கொடுத்துத் தூங்க வெச்சுக்கிட்டிருக்கு."

"அடப்பாவி" என்றான் வைத்தி. தொழில்காரன் தொழில்காரனை மெச்சுகிற குரல் அது.

பெயர் வைக்க வேண்டுமே. ரெஹானா 'சமத்து' என்று வைத்தாள். சொன்ன பேச்சு கேட்டு, சத்தம் போடாமல் இருப்பதை வேறு என்னவென்று சொல்வது?

டேனியல் துரைக்கு உயிர் வந்தது. அம்பத்தூர் கிளையில் நாற்பது பேர் போனில் சமத்தைத் துடைத்துச் சோதனை பார்க்கச் சொன்னார். காலை பத்து மணிக்குத் துடைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று ராஜினாமா, கன்னத்தில் ஒரு அறை, ஒரு நிச்சயதார்த்த முறிவு. மேனேஜர் தன் பிறந்தநாள் வாழ்த்துகளின் அசலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு லிஃப்டுக்குள் போய் நின்றவர் வெளியே வரவே இல்லை. ரெண்டு வருஷமாக ஒருவரையொருவர் சகித்துக்கொண்டிருந்த ஜனங்கள் இல்லை அவர்கள். ஒருவரையொருவர் கேட்டதே இல்லை.

"மருந்துன்னா கசக்கத்தான்யா செய்யும்" என்றார் டேனியல் துரை. "திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு ஊர் முழுக்க வெளியிடுறோம்."

துடைக்கும் கருவியோடு ரெஹானா இன்னொன்றும் செய்திருந்தாள். சமத்து இரண்டு பக்கமும் பொய் சொல்ல வேண்டியிருந்ததால், பொய்கள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க இரு பக்கத்து உண்மையையும் ஒளித்து வைத்திருந்தது. அதைத் தோண்டியெடுத்து 'எழுதியது', 'போனது' என்று இரண்டு பத்தியில் காட்டும் கருவி.

"உங்க போன்ல மட்டும் பார்க்காதீங்க சார்" என்றாள். "நான் பார்த்தேன். எங்க அண்ணன்கிட்ட பேசுறதை நிறுத்திட்டேன்."

பார்க்காதே என்று சொன்னால் பார்க்காமல் இருக்க அவன் என்ன மரமா? வெள்ளிக்கிழமை காலை தன் போனைக் கருவியில் செருகினான்.

பதினைந்து நாளுக்கு முன் பூங்கோதையிடமிருந்து அவனுக்கு வந்திருந்த மெசேஜ்: 'கண்ணி வீட்டுக்குப் போயிட்டு வரேன். உடம்பைப் பார்த்துக்குங்க.'

அவள் எழுதியது: 'எனக்கு மெசேஜ் எழுத நீங்க ஆள் வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். அந்த ஆள் யாருன்னு கேக்க மாட்டேன். நான் போறேன்.'

தமிழில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவன்கூட வாசலில் நின்று 'போயிட்டு வரேன்' என்பான். சொல்லாவிட்டால் வீட்டிலிருப்பவர்கள் விடமாட்டார்கள், 'வரேன்னு சொல்லுடா' என்று பிடித்து இழுப்பார்கள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வெறும் 'போறேன்' என்று எழுதியிருந்தாள். சமத்து அதைத் திருத்தி அனுப்பிவிட்டது. அவனும் நம்பி, வருவாள் என்று பால் பாக்கெட்டைக்கூடக் குறைக்காமல் இருந்தான்.

கீழே இன்னொன்று. வந்தது: 'உங்களுக்கு ஒரு பார்சல் வரும், வாங்கி வெச்சுக்குங்க.' மதுரையிலிருந்து ஏதோ தின்பண்டம் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரரிடம்கூடப் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தான். அவள் எழுதியது: 'வக்கீல் நோட்டீஸ் வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க.'

அதற்கு அவன் எழுதியது: 'சறி.'

போனது: 'உன் விருப்பம்தான் என் விருப்பம். எப்போதும் சந்தோஷமாக இரு.'

வைத்தி அவளைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். கட் செய்தாள்.

"மெசேஜ் போட்டு விளக்குங்க சார்" என்று ஆரம்பித்த ரெஹானா, தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வேணாம். அவங்க போன்ல இருக்கிறதும் கழுவித்தான் காட்டும். நேர்ல போங்க."

"போய் என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"பொண்டாட்டிக்கு நல்ல நல்ல மெசேஜா அனுப்பினது நான் இல்ல, வைரஸ்னு சொன்னா எவ நம்புவா?"

ரெஹானா யோசித்தாள். "ஆதாரம் கொண்டு போங்க. ரெண்டு பத்தியையும் பிரிண்ட் போட்டுத் தரேன்."

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் வைத்திக்குத் தான் மாட்டிக்கொண்ட இடம் விளங்கியது. அவள் நினைக்கிற குற்றத்தை அவன் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால், உண்மையாகவே செய்த குற்றம் அத்தனையையும் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மதுரை எல்லீஸ் நகரில் மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தது பூங்கோதையின் தங்கை அங்கயற்கண்ணி. அத்தானைக் கண்டதும் முகம் சுருங்கியது. ஆனாலும் வாசலில் நிற்கிறவரை வாங்க என்று சொல்லாமலிருக்க வளர்ப்பு விடவில்லை.

"வாங்கத்தான்" என்றாள், வராதீங்கத்தான் என்கிற குரலில். "அக்கா! வந்திருக்காரு." காபி போடச் சமையலறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

பூங்கோதை சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். எந்தக் கம்ப்யூட்டர் வந்தும் தமிழ் டீச்சர்களின் சிவப்புப் பேனாவைப் பிடுங்க முடியவில்லை.

"யாருங்க அவ?" என்றாள், நிமிராமலே.

"அவ இல்ல கோதை. வைரஸ்."

"பேரு?"

"சமத்து."

"சமத்தா!" பேனா மேஜையில் விழுந்தது. "நல்ல சமத்துதான். ஊரான் பொண்டாட்டிக்குக் கவிதையா எழுதித் தள்ளுறாளே."

சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

வைத்தி வாழ்நாளில் பேசாத அளவு பேசினான். ஓனர், பலாப்பழம், அம்பத்தூர், லிஃப்ட் எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னான். பூங்கோதை கை கட்டிக்கொண்டு கேட்டாள். வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிற பசங்கள் இதைவிட நல்ல கதை சொல்வார்கள் என்று முகத்தில் எழுதியிருந்தது.

"நான் ஆள் வெச்சு எழுதுறேன்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றான் கடைசியில்.

"பிழையே இல்லையே! நிச்சயம் ஆனதும் எனக்கு முதல் கடிதம் எழுதினீங்க. 'அண்புல்ல பூங்கோதைக்கு.' அன்புக்கு மூணு சுழி. உள்ளவுக்குக் குண்டு ளகரத்தைக் காணோம். எங்க அப்பா பார்த்துட்டு, 'தமிழ் படிச்ச பொண்ணை இந்தத் தற்குறிக்கா குடுக்கிறது'ன்னு குதிச்சாரு. அத்தனை பிழை பண்ற மனுஷன் ரெண்டு வருஷமா ஒரு ஒற்றுகூட விடாம எழுதுறாரு. அதுலயும் 'செல்லம்'ங்கிறாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா 'ம்'. எது நெசம்னு நான் தினம் தினம் கிறுக்கு மாதிரி யோசிச்சிருக்கேன். வேற யாரோ எழுதித் தர்றாங்க, இவரு அனுப்புறாருன்னு புரிஞ்சப்ப... பேசத்தான் பிடிக்கல, எழுதக்கூடவா நான் ஆகாதவளாப் போயிட்டேன்?"

வைத்திக்கு எல்லாம் புரிந்தது. தமிழ் டீச்சரைக் கோபப்படுத்தாமலிருக்க முதலில் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டும் என்று கண்டுபிடித்த வைரஸ், அதனாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. வேலி கம்பெனிக்கே தெரியாததை இவள் ரெண்டு வருஷம் முன்பே பிடித்துவிட்டாள். குற்றவாளியைத்தான் தப்பாகப் பிடித்தாள்.

வேறு வழியில்லை. காகிதக் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "இடது பக்கம்தான் நான்."

பூங்கோதை படிக்க ஆரம்பித்தாள். பழக்கத்தில் கை சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டது.

"'ம்.' 'ம்.' 'சறி.' 'சாம்பாறா?' 'லேட் ஆகும்.' 'ம்.'" பக்கத்தைத் திருப்பினாள். "இது நீங்கதான். சந்தேகமே இல்ல." இன்னொரு பக்கம். "'உன் தங்கச்சி எப்ப கிலம்புவா?' கண்ணீ, உன்னத்தான்."

காபியோடு வந்த அங்கயற்கண்ணி எட்டிப் பார்த்தாள். வலது பக்கத்தில், 'கண்ணியை இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லேன்' என்று இருந்தது.

"இதை நம்பி நான் நாலு நாள் இருந்தேனே அத்தான்!"

"தெரியும்" என்றான் வைத்தி பரிதாபமாக.

காபியை அவன் முன்னால் வைத்தாள். சர்க்கரை போடவில்லை.

பக்கங்கள் புரண்டன. ரகரமும் றகரமும் இடம் மாறின இடத்திலெல்லாம் சிவப்பு வட்டம் விழுந்தது. பூங்கோதையின் முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு எழுபதாவது பக்கத்தை ஒட்டி எங்கேயோ அவள் கை நின்றது. வட்டம் போடவில்லை.

போன வருஷம் அவள் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்று நாலு நாள் கழித்துச் சொன்னார்கள். அன்று உள்ளே கூப்பிடுவதற்கு முன், பச்சைக் கவுனோடு அவள் ஒரு அறையிலும், இவன் வெளி ஹாலிலும் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு இவன் மெசேஜ் அனுப்பியிருந்தான்.

போனது: 'எல்லாம் நல்லபடியாக முடியும். தைரியமாக இரு, செல்லம்.'

எழுதியது: 'பயமா இறுக்கு கோதை. நீ இள்ளாம எனக்கு ஒன்னும் தெறியாது.'

அதே நிமிஷத்தில் அவளும் எழுதியிருந்தாள். 'பயமா இருக்குங்க. ஒரு நிமிஷம் உள்ள வந்து நில்லுங்களேன்.' அது அவனுக்கு, 'டாக்டர் நல்லாப் பேசுறார். நீங்க போய் காபி சாப்பிட்டு வாங்க' என்று வந்திருந்தது.

"நீங்க காபி சாப்பிடப் போயிட்டீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க" என்றாள் பூங்கோதை. "கூப்பிட்டும் வரலன்னு நினைச்சேன். காலண்டர்ல போட்டிருக்கிற மாதிரி ஒரு பொன்மொழிய அனுப்பிட்டுப் போயிட்டாருன்னு. வக்கீல்கிட்ட போகணும்னு அன்னிக்குத்தான் முதல்ல தோணுச்சு."

"நீதான் சாப்பிடச் சொன்னே. போனேன். வாங்கி வெச்சேன். குடிக்க முடியல."

இரண்டு பேரும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எல்லார் போன்லயும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. திங்கட்கிழமை பத்து மணிக்கு எடுக்கிறோம்."

"எடுத்தா ஊர் தாங்குமா?"

"தாங்காது. அம்பத்தூரே தாங்கல."

"பரவால்ல. எடுத்துடுங்க" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த வரியின் அடியில் சிவப்புக் கோடு போட்டாள். "இருக்குன்னா சின்ன ரு. நீங்க போட்டிருக்கிறது கயித்தை இறுக்கிறது. அது வேற வினைச்சொல். இல்லாமவுக்கு என்ன ல, ஒண்ணுமுக்கு எத்தனை சுழி, தெரியாதுக்கு என்ன ர, ஒண்ணும் தெரியல. ரெண்டு வாக்கியத்துல நாலு பிழை. ஆறாங்கிளாஸ் பையன் பண்ணமாட்டான்."

"ஃபெயிலா?"

பூங்கோதை விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, தன் பேனாவோடு அவன் பக்கம் தள்ளினாள்.

"இம்போசிஷன். பத்து தடவை. பிழையில்லாம."

வைத்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தான். கையால் எழுதி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எழுத்து கோழி கிளறியது போல் வந்தது. முதல் வரி சரி. இரண்டாவதும் சரி. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஐந்தாவதில் ஒரு சுழி கூடியது, விரலால் தட்டிக் காட்டினாள், அடித்துவிட்டு எழுதினான். ஆறாவது வரியில் அவனுக்குக் கண் நிறைந்து தாள் மங்கியது. வெட்கமாக இருந்தது. நிறுத்தாமல் எழுதினான்.

ஏழாவதில் மறுபடியும் 'பயமா இறுக்கு' என்று விழுந்தது.

பூங்கோதை அதைப் பார்த்தாள். திருத்தவில்லை.